சொல் பேச்சுக் கேட்காத வளரிளம் பிள்ளைகள்: சேலம் மாவட்டப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சேலத்திலும் ஏற்காட்டிலும் நடக்கும் சட்ட உதவி முகாம்களில் பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தேவைப்பட்டால் அவர்களோடு அலுவலகத்துக்குப் போய் வருவதும் என் வேலையாகிவிட்டது. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியில் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள். முதல் படியிலேயே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் மகன் எதற்கும் அடங்குவதில்லை. அடங்கவில்லை என்று புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பிள்ளையைத் தம்மால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று தாயோ தந்தையோ அன்றைய நலக் குழுமத்தில் முறையிட்டால், விசாரித்துத் திருப்தி அடைந்தபின் அந்தப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்ப அந்தப் பிரிவு வழி செய்தது. ‘ஸ்கூலுக்கு அனுப்புற மாதிரி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிடுவேன்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் மிரட்டியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பழைய சட்டங்கள் இருந்தன.

2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. ஆனாலும், பிள்ளையைக் கட்டுப்படுத்த இயலாத பெற்றோரை உடைய குழந்தையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையே என்று அதன் விளக்கத்தில் எழுதியிருந்தது. இன்று நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டின் சட்டம் அந்தச் சொல்லையும் மாற்றிவிட்டது. ‘கட்டுப்படுத்த’ என்று இருந்த இடத்தில் ‘பராமரிக்கவும் பாதுகாக்கவும்’ என்று வந்துவிட்டது. பெற்றோர் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். உங்கள் பிள்ளை உங்களுக்கு அடங்குகிறானா என்று இப்போது எந்தக் குழந்தைகள் நலக் குழுவும் கேட்பதில்லை. அவனுக்கு என்ன கிடைக்காமல் போயிருக்கிறது, அதை இந்த வீட்டிலேயே கிடைக்கச் செய்ய முடியுமா என்றுதான் கேட்கும். நீங்கள் குற்றப்பத்திரிகை வாசிக்கத் தயாராகிப் போவீர்கள், அங்கே உங்களிடமே கேள்விகள் வரும். அதைக் கேட்டு மனம் கசந்து திரும்பியவர்கள் பலர். அது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், அந்த நாள் வீணாகாது.

கொஞ்ச நாள் ஏதாவது ஒரு ‘ஹோமில்’ விட்டுவைக்க முடியாதா?

ஒரு மழைக்கால காலையில், மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்த காபித் தோட்டத் தொழிலாளி ஒருவர் பதினைந்து வயது மகனோடு எங்கள் மேசை முன் வந்து உட்கார்ந்தார். மகன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். தகப்பனார் மடியில் ஒரு கட்டைப்பை. ‘டீச்சர், இவன ஹோம்ல உட்டுட்டு மத்தியானப் பஸ்ஸப் புடிக்கணும், எழுதிக் குடுங்க’ என்றார். பையில் என்ன என்று கேட்டேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை, சோப்பு டப்பா, விலைச்சீட்டு கிழிக்காத புதுப் பல் துலக்கி, செய்தித்தாளில் சுற்றிய கேழ்வரகு உருண்டைகள். பையனின் அம்மா விடியற்காலையில் எழுந்து பிடித்துக் கொடுத்தவை. இவ்வளவும் எடுத்து வைத்து அனுப்பிய வீட்டைப் பராமரிக்கத் தெரியாத வீடு என்று எந்தக் குழுவும் சொல்லாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இல்லங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சேலத்தில் இருக்கும் அரசினர் கூர்நோக்கு இல்லம், குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறார்கள் விசாரணைக் காலத்தில் தங்குமிடம். செங்கல்பட்டில் உள்ள சிறப்பு இல்லம், குற்றம் செய்ததாகத் தீர்மானிக்கப்பட்ட சிறுவர்களுக்கானது. எந்தக் குற்றமும் செய்யாத, வீட்டில் எதிர்த்துப் பேசுகிற பிள்ளைக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. மூன்றாவது வகையான குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழு ஒன்றுக்கே உண்டு. வேறு வழியே இல்லாதபோதுதான் நிறுவனத்தில் சேர்க்க வேண்டும், அதுவும் எவ்வளவு குறுகிய காலம் முடியுமோ அவ்வளவுக்கே என்பது சட்டம் வகுத்திருக்கும் அடிப்படைக் கொள்கை. பதிவு பெறாத தனியார் இல்லங்கள் ‘திருத்தித் தருகிறோம்’ என்று சொல்லி மாதக் கட்டணம் கேட்டால் தயவுசெய்து ஏமாறாதீர்கள். பதிவு இல்லாமல் குழந்தைகளுக்கான இல்லம் நடத்துவதே தண்டனைக்குரிய குற்றம்.

சிலர், ‘ஒப்படைப்புப் பத்திரம்’ என்று ஒன்று இருக்கிறதாமே என்று கேட்பார்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் அது இருக்கிறது. உடல்நிலை, மனநிலை, சமூகச் சூழல் ஆகியவை கைமீறிப் போன நிலையில் ஒரு பெற்றோர் பிள்ளையை முழுமையாக விட்டுக்கொடுப்பதற்கான ஏற்பாடு அது. குழு முதலில் ஆலோசனை வழங்கும். பத்திரம் எழுதிய பின்னும் மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் தரும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை இல்லை. கோபத்தில் தொடக்கூடிய பத்திரமே அல்ல அது.

அப்படியானால் முதலில் யாரை அணுகுவது?

1098. கட்டணம் இல்லாத, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண். பிள்ளைகளும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். அழைப்பின் பேரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள் உங்களைத் தொடர்புகொள்வார்கள். அலகில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), சமூகப் பணியாளர், நன்னடத்தை அலுவலர் ஆகியோர் இருக்கிறார்கள். நேரில் போய் மனுக் கொடுக்க விரும்புகிறவர்கள், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அந்த மனு உரிய அலகுக்கு அனுப்பப்படும்.

போகும்போது பிறப்புச் சான்று அல்லது பள்ளி மாற்றுச் சான்றின் நகல், ஆதார் நகல், ஏற்கெனவே மருத்துவம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இவற்றைவிட முக்கியமாக, கடந்த மூன்று மாதங்களில் என்னென்ன நடந்தது, எப்போதிலிருந்து மாற்றம் தெரிந்தது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுத உட்காரும்போதுதான், ‘தாத்தா செத்த பிறகுதான் இப்படி ஆனான்’, ‘அந்தப் பள்ளிக்கு மாற்றிய பிறகுதான்’ என்று பல அம்மாக்களுக்குத் தாமாகவே பிடிபட்டிருக்கிறது.

குழந்தைகள் நலக் குழு என்றால் கோர்ட்டா? வக்கீல் வைக்க வேண்டுமா?

ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. உறுப்பினர்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் குழுவுக்கு உண்டு, என்றாலும் கூண்டும் கறுப்பு அங்கியும் அங்கே கிடையாது. வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒருவர் வந்து விசாரித்து, பதினைந்து நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களே என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

போலீஸை விட்டு ஒரு தடவை மிரட்டச் சொன்னால் சரியாகிவிடுவான் என்கிறார்களே?

சொல்லாதீர்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவராகவும், குழந்தைகளைக் கையாளப் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் சீருடை இல்லாமல்தான் பேச வேண்டும். சிறாரை எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆலோசனை கேட்க அந்த அலுவலரை நீங்கள் அணுகலாம். தெரிந்த ஏட்டு ஒருவரைப் பிடித்து ‘நாலு தட்டுத் தட்டி அனுப்புங்க சார்’ என்று சொல்வதோ முற்றிலும் வேறு காரியம். அன்று இரவு பிள்ளை அமைதியாக இருப்பான். பிறகு ஒரு நாள், யாராவது அவனை மிரட்டிப் பணம் பறிக்கும்போதோ தகாத முறையில் தொடும்போதோ, போலீஸ் என்பது தன்னை அடிக்க அப்பா கூட்டிவந்த ஆள் என்ற நினைப்பில் அங்கே போகவே மாட்டான்.

பெற்ற பிள்ளையை அடிப்பதும் தப்பா?

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மை கருதி நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்யும் செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுதான் இது. பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைக்கு உடலிலோ மனத்திலோ தேவையற்ற துன்பம் உண்டாகும்படி அடிப்பது, புறக்கணிப்பது, கைவிடுவது ஆகியவை இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது.

நானும் கையில் பிரம்போடு வகுப்புக்குப் போன தலைமுறையைச் சேர்ந்தவள்தான். அடிக்குப் பயந்து படித்தவர்களை எனக்குத் தெரியும். அடிக்குப் பயந்து பொய் சொல்லப் பழகியவர்களை அதைவிட அதிகமாகத் தெரியும்.

பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான். என்ன சொன்னாலும் நகர்வதில்லை.

என்னிடம் வரும் பத்தில் ஏழு குடும்பங்களாவது இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. ‘அடங்காத பிள்ளை’ என்று ஊர் சொல்வது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் தொடங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே கொலுசுக்கு முத்துப் பற்றவைக்கும் வேலை செய்யும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மகன் காலையில் பையோடு கிளம்புவான், மாலையில் பையோடு திரும்புவான். இடையில் வெள்ளிப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தான் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் எங்களிடம் வந்தபோது மகனின் தமிழ் நோட்டை எடுத்து வந்திருந்தார். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கங்களில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய பக்கத்தில் ‘மழை’ மூன்று வகையாக எழுதப்பட்டிருந்தது, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும், இது திமிர் இல்லை, கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே சோதித்து அதை உறுதி செய்தார்கள். ஒன்பது வருடம் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கிய பிள்ளை அவன். நானே எத்தனை பிள்ளைகளை அப்படிச் சொல்லியிருப்பேன் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு முதலில் கண், காது, கற்றல் ஆகியவற்றுக்கான பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்று கிடைத்தால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. அடுத்ததாக, பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, சாதிப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா, ஆசிரியர் யாரேனும் அவமானப்படுத்தினாரா என்று விசாரியுங்கள். பிள்ளையிடம் நேராகக் கேட்டால் பதில் வராது. கூடப் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் வரும். அப்படி ஏதேனும் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் கொடுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் முறையிடலாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். ‘டிசி வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று வாய்மொழியாகச் சொன்னால் வாங்காதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள்.

படிப்பு அறவே ஏறவில்லை என்று தெரிந்த பிறகும் வழி அடைபட்டுவிடுவதில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு நடக்கிறது. ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய தொழிற்பிரிவுகளும் இருக்கின்றன. ஆனால் பட்டறைக்கோ விசைத்தறிக்கோ ‘சும்மா பழகட்டும்’ என்று அனுப்பிவிடாதீர்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பதினான்கு முதல் பதினெட்டு வரை அபாயகரமான தொழில்களில் அமர்த்தக் கூடாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. பள்ளி முடிந்த நேரத்தில் சொந்த வீட்டுத் தொழிலுக்கு ஒத்தாசை செய்வதற்கு விதிவிலக்கு உண்டு, அதுவும் அபாயம் இல்லாததாக இருந்தால்.

கஞ்சா, குடி, வாயில் அடக்கும் புகையிலை என்று சந்தேகம் வந்தால்?

போதைக்கு ஆட்படும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையைச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே வகைப்படுத்துகிறது. எனவே ‘கேஸ் ஆகிவிடுமோ’ என்று அஞ்சி மூடி வைக்காதீர்கள். சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ சிக்கியவர், தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்களிக்கவும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் வர மறுத்தால், முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். போதையிலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் 14446.

விற்றவரை விடாதீர்கள். சிறாருக்கு மது, போதைப்பொருள், புகையிலை கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளியிலிருந்து நூறு கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. தமிழ்நாடு அரசின் 10581 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். ஒரு வீடு மட்டும் சொல்வதைக் காட்டிலும், அதே தெருவில் நான்கு பெற்றோர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் வேலை நடக்கிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

சாவியை ஒளித்து வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் காப்பாளருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளிப் பையன்கள் மூன்று பேராக ஏறிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மகள் யாருடனோ பேசுகிறாள். படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் இது இன்னும் நடக்கிறது. ‘அடங்காத மகன்’ என்றால் ஊர் ஆலோசனை சொல்லும், ‘அடங்காத மகள்’ என்றால் உடனே தாலி எடுத்துக் கொடுக்கும். பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். மணமகன் வயது வந்தவரானால் அவருக்கும், நடத்தி வைத்தவர், தூண்டியவர், தடுக்கத் தவறிய பெற்றோர் ஆகியோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்களுக்கு அபராதம் மட்டுமே, சிறைத் தண்டனை கிடையாது. அதோடு, பதினெட்டுக்குக் கீழே உள்ள பெண்ணின் சம்மதத்தைப் போக்சோ சட்டம் ஏற்பதில்லை. ஆகவே முகூர்த்தத்தோடு பிரச்சினை தீரும் என்று நினைத்தவர்கள், மகளின் முதல் பிரசவத்துக்கு மருத்துவமனை போன இடத்தில் வயது கேட்கப்பட்டு வழக்கைச் சந்திக்கிறார்கள்.

மகள் பேசுகிற ஆள் வயது வந்தவராக இருந்து அவளை மிரட்டவோ படங்களை வைத்து அச்சுறுத்தவோ செய்கிறார் என்றால், அங்கே அவள் அடங்காத பிள்ளை அல்ல, பாதிக்கப்பட்ட பிள்ளை. 1098ஐயோ இணையக் குற்றங்களுக்கான 1930ஐயோ அழையுங்கள். கைபேசியைப் பிடுங்கி உடைத்துவிடாதீர்கள், சாட்சியமே அதில்தான் இருக்கும்.

வீட்டை விட்டுப் போய்விட்டால் எத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும்?

ஒரு மணி நேரமும் பொறுக்க வேண்டாம். ‘இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வாருங்கள்’ என்று ஒரு விதியும் இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அண்மைப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஒருவர் போகும்போதே, சூரமங்கலம் ரயில் நிலையத்துக்கும் புதிய, பழைய பேருந்து நிலையங்களுக்கும் ஆளுக்கொருவராகப் போங்கள். கிடைத்ததும் முதல் கேள்வி ‘சாப்பிட்டாயா’ என்பதாக இருக்கட்டும். ஏன் போனாய் என்பதை மறுநாள் கேட்கலாம்.

திருட்டு, அடிதடி என்று வழக்கே வந்துவிட்டது. இனி அவன் வாழ்க்கை போய்விட்டதா?

போகவில்லை. பிடிக்கப்பட்ட சிறாரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும், சமூகப் பணி அனுபவம் உள்ள இருவரும் சேர்ந்தது அந்தக் குழுமம். இருவரில் ஒருவர் பெண். பிணை கிடைப்பதே பொது விதி. கொடுங்குற்றம் அல்லாதவற்றிலும், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படாதவற்றிலும் முதல் தகவல் அறிக்கை பதியாமல் பொது நாட்குறிப்பில் பதிவு செய்தால் போதும் என்றே விதிகள் சொல்கின்றன. சிறு குற்றமானால் அறிவுரை, பெற்றோருக்கும் பிள்ளைக்குமான ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடியலாம். கொடுங்குற்றமாக இருந்து வயதும் பதினாறைக் கடந்திருந்தால் நடைமுறை வேறு. அப்போது வழக்கறிஞர் உதவி கட்டாயம் வேண்டும்.

அதற்குப் பணம் தேட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டியில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். சிறார் வழக்கில் வந்த தீர்ப்பு பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக் குறைவாகாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உறுதி சொல்கிறது. பதினாறு கடந்தவரின் கொடுங்குற்றத்துக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு.

நாங்கள் மலைக் கிராமத்தில் இருக்கிறோம். இதற்கெல்லாம் எங்கே இறங்கி வருவது?

நியாயமான கேள்வி. ஒரு மனுவுக்காக இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். ஊராட்சி அளவில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். குழு பெயரளவில்தான் இருக்கிறது என்றால், அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

சேர்வராயன் மலையின் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களிடம் ஊர்ப் பெரியவர் சொல்லுக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. அதை நான் பெரிய பலமாகவே மதிக்கிறேன். தகப்பன் பேச்சைக் கேட்காத பையன் ஊர்க்கவுண்டர் முன்னால் தலை குனிந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் பிள்ளைக்கு அபராதம் போடுவதும், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதும், ஊரை விட்டு ஒதுக்குவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. அந்தப் பலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். முன்பு சொன்ன கட்டைப்பைத் தகப்பனார் விஷயத்தில் நடந்தது அதுதான். அவரும் மகனும் அன்று பிற்பகல் பையோடு திரும்பிப் போனார்கள். அலகின் ஆற்றுப்படுத்துநர் இரண்டு வாரம் கழித்து மலைக்குப் போய் வந்தார். பையனின் தாய்மாமனே ஒரு பொறுப்பை ஏற்றார். பள்ளி விட்டதும் மாலை வரை மருமகன் அவரோடு மிளகுக் கொடி கட்டும் இடத்தில் இருப்பான், இரவு வீட்டுக்கு வந்துவிடுவான், அப்பா அந்த நேரத்தில் ஒன்றும் கேட்கக் கூடாது. எழுதாத ஒப்பந்தம். இடையிடையே முறிந்தது, மறுபடி ஒட்டினோம். இப்போதும் அவன் அப்பாவிடம் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பள்ளிக்குப் போகிறான்.

அமெரிக்காவில் பெற்றோரே கோர்ட்டுக்குப் போகலாமாமே?

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் பெற்றோரே நீதிமன்றத்தில் மனுச் செய்யும் வழி இருக்கிறது. மாசசூசெட்ஸில் 1646இல் பெற்றோருக்கு அடங்காத மகனுக்கு மரண தண்டனை என்று சட்டம் எழுதியிருந்தார்கள். 2012இல் அதே மாநிலம் தன் நடைமுறையை, உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் சேவை ஏற்பாடு செய்யும் ஒன்றாகத் திருத்தி அமைத்தது. அங்கிருக்கும் உறவினர் சொல்லும் வழிமுறை இங்கே செல்லாது.

‘இவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடலாமா?

பதினெட்டு நிறையாத பிள்ளை விஷயத்தில் அந்த விளம்பரத்துக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. பராமரிக்கும் கடமை அப்படியே தொடரும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்டு உங்கள் மேல் வழக்கும் வரலாம். அந்த விளம்பரத்தை அவன் கத்தரித்துப் பத்திரமாக வைத்திருப்பான் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எங்களுக்கே மனம் விட்டுப்போய்விட்டது. எங்களை யார் பார்ப்பது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். கணவர் குடிப்பார் அல்லது வெளியூரில் இருப்பார், மாமியார் ‘நீ வளர்த்த லட்சணம்’ என்பார், பள்ளியில் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். வீட்டில் அடி உதை இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். அது உங்களுக்கான எண், பிள்ளைக்காக அழைப்பதாகச் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவரை இழந்த, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரும் ஏற்பாடு, மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

மனம் பாரமாக இருக்கும்போது பேசுவதற்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. தமிழில் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கொலுசு வேலை செய்யும் அந்த அம்மா, மகன் தூங்கிய பிறகு இரவு பதினொரு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அந்த எண்ணில் பேசியதாக என்னிடம் சொன்னார். நாற்பது நிமிடம் பேசினாராம், பாதி நேரம் அழுகைதானாம். மறுநாள் காலையில் மகனைத் திட்டாமல் எழுப்ப முடிந்தது என்றார்.